பெடோக் ஜெட்டியில் மாட்டிய மீன்: வாலடியில் ஒரு கருப்புப் பொட்டு. என்ன மீன் இது?

கரையோரம்_செல்வா | ஞாயிறு, அதிகாலை 1:15

வணக்கம் மக்களே. சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருசம் ஆச்சு. ஊர் மன்னார்குடிப் பக்கம். வாய்க்கால்ல கெண்டை, கெளுத்தி, விரால் பிடிச்சுப் பழகின கை. கடல்ல தூண்டில் போட ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆகுது. தப்பா எதுவும் எழுதியிருந்தா திருத்துங்க.

ராத்திரி பையனோட (வயசு 9) பெடோக் ஜெட்டிக்குப் போயிருந்தேன். தண்ணி ஏறிக்கிட்டு இருந்த நேரம். ஈயக்குண்டு கட்டி அடியில இறக்கி, கணவாய்த் துண்டை இரையா வச்சிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு ராட் வளைஞ்சு கம்பியில இடிச்சது. பத்து நிமிசத்துக்கு மேல இழுத்திருப்பேன். மீன் தண்ணி மட்டத்துக்கு வந்த பிறகுதான் பயம் வந்துச்சு. அவ்வளவு உயரம் அப்படியே தூக்கினா தூண்டில் நரம்பு அறுந்துடும். பக்கத்துல இருந்த மலாய்ப் பெரியவர் ஒருத்தர் தன்னோட இறக்கு வலையைக் கயித்துல விட்டு அள்ளிக் கொடுத்தார். மேல வந்ததும் அவரே என்னைப் பார்த்து "இக்கான் அப்பா நி?"ன்னு (இது என்ன மீன்னு) கேட்டார். இருபது வருசமா அங்க வர்றவராம். அவருக்கே இது என்ன மீன்னு தெரியல.

மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் 62 சென்டிமீட்டர். எடை 2.6 கிலோ. முதுகு செம்பு நிறம், வயிறு வெள்ளை. செதில் பெருசு. வாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கு. நாய்ப்பல் மாதிரி எதுவும் இல்ல. வால் தொடங்குற இடத்துல, மேல்பக்கமா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கருப்புப் பொட்டு. திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரி அவ்வளவு வட்டமா இருக்கு.

இன்னொரு விசயமும் கேக்கணும். பையன் சபிகி முள்ளுல (ஒரே நரம்புல வரிசையாக் கட்டின சின்னத் தூண்டில் முள்) குட்டியா ஒண்ணு பிடிச்சான். கருப்பு உடம்பு, நீளவாக்குல வெள்ளைக் கோடு, வாயைச் சுத்தி மீசை. நான் கையால பிடிக்கப் போனேன். அந்தப் பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார். அது என்ன?

பெரிய மீன் ஐஸ் பெட்டியில இருக்கு. சாப்பிடலாமான்னு தெரியாம வீட்டுல யாரும் தொடல. படம் மூணு போட்டிருக்கேன்.

ஜெட்டி_நண்டு | ஞாயிறு, காலை 6:30

தம்பி, முதலில் அந்தக் குட்டி மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது செம்பிலாங் இனம். கடல் கெளுத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கெளுத்தியின் முள்ளை எப்படித் தவிர்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். இதன் முள்ளில் விஷமும் இருக்கிறது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று. மூன்றும் ரம்பம்போல இருக்கும். குட்டிகள் ஜெட்டித் தூண்களைச் சுற்றிப் பந்துபோலத் திரண்டு போவதைப் பகலில் பார்க்கலாம். பிள்ளைகள் அதைப் பார்த்து ஆசைப்படுவார்கள். மாட்டினால் கையால் கழற்ற வேண்டாம். குறடு வைத்துத் தூண்டில் முள்ளைப் பிடித்துத் திருப்புங்கள். முடியாவிட்டால் நரம்பை வெட்டி விடுங்கள். ஒரு தூண்டில் முள்ளின் விலை என்ன பெரிய விலை?

உங்கள் கையைத் தட்டியவருக்கு அடுத்த முறை ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

பெரிய மீன் விஷயம்: பெடோக்கில் முப்பது வருஷமாகப் பிடிக்கிறேன். தாலாங், தெங்கிரி, கெரப்பு, சியாகாப் என்று இங்கே சொல்லும் மீன்கள் எல்லாம் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்ததும் ஆங் சோ என்கிற உள்ளூர்ப் பொட்டு மீன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆங் சோவுக்குப் பொட்டு முதுகுப் பக்கம், நடு உடம்பைத் தாண்டி இருக்கும். வாலடியில் இருக்காது. படமும் இருட்டாக இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒன்று எடுத்துப் போடுங்கள்.

தூத்துக்குடி_முத்து | ஞாயிறு, காலை 7:05

அண்ணாச்சி, இது செப்பிலிதான். சந்தேகமே வேண்டாம். எங்க ஊர்ல ஏலத்துக்கு வரும். நல்ல ருசி. காரமா மசாலா அரைச்சுக் குழம்பு வைங்க.

பாம்பன்_காற்று | ஞாயிறு, காலை 7:40

முத்து அண்ணே, கோவிச்சுக்காதீங்க. செப்பிலிக்கு வாய் முன்னால, பல் கூர்மையா இருக்கும். கையை வச்சா கிழிச்சிடும். இவர்தான் நாய்ப்பல் இல்லைன்னு எழுதியிருக்காரே. உடம்பும் செப்பிலி மாதிரி அகலமா இல்ல, நீளமாப் போகுது.

இன்னொண்ணும் சொல்லணும். ஊர்ப் பேரை வச்சு மட்டும் முடிவு பண்ணினா இந்த இடத்துல எல்லாரும் மாட்டிக்குவோம். நான் சென்னையில வேலை பார்த்தப்போ மார்க்கெட்ல "சீலா இருக்கா"ன்னு கேட்டேன். எடுத்துக் காட்டினது எங்க வீட்டுல ஊளின்னு சொல்ற மீனு. எங்க வீட்டுல சீலான்னா அங்க வஞ்சிரம். விலையில எவ்வளவு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும். ஒரே மாநிலத்துக்குள்ளயே இப்படி.

வடமராட்சி_கடல் | ஞாயிறு, காலை 9:20

பாம்பன் தம்பி சொல்லுறது சரி. எங்கடை பக்கம் நீங்கள் வஞ்சிரம் எண்டு சொல்லுறதை அறுக்குளா எண்டுதான் சொல்லுவம். சீலா எண்டால் அது வேறை மீன், நீட்டு வாய், பல்லு வெளியிலை தெரியும். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கடல், ஒரே மீன். பேர் மட்டும் மாறிப்போச்சு.

செல்வா தம்பி, உங்கடை படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன். எனக்கெண்டால் கத்தலை வகை போலக் கிடக்கு. வாய் கீழை இருக்கிறதும், முதுகுத் துடுப்பு நடுவிலை பள்ளம் விழுந்து பிறகு நீளமாகப் போறதும் அப்பிடித்தான். ஆனால் இந்தப் பொட்டு வைச்ச கத்தலையை நான் அறுபது வருசத்திலை ஒருக்காலும் காணேல்லை. அதுதான் யோசனையாக் கிடக்கு.

அலையாத்தி | ஞாயிறு, காலை 10:10

வணக்கம். கடல் உயிரியல் படித்தவள். மீனைப் பார்த்தவுடன் பெயர் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் இந்த முறை செல்வா அண்ணனே கண்டுபிடிக்கட்டும் என்று நினைக்கிறேன். மீன் கையில் இருக்கிறது. படத்தில் எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

அண்ணா, மீனை எடுத்து, தலை உங்கள் இடக்கைப் பக்கம் வருமாறு தட்டில் கிடத்துங்கள். மீன் நூல்களில் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட வசதி. பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். துடுப்புகளைக் குண்டூசி வைத்து விரித்துக் குத்திக்கொள்ளுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்.

மலத்துளைக்குப் பின்னால், வயிற்றின் அடியில் ஒரு துடுப்பு இருக்கும். அதன் தொடக்கத்தில் வளையாத, கெட்டியான முட்கள் எத்தனை? விரலால் தடவினால் தெரியும். முதல் முள் மிகச் சிறியது, தோலுக்குள் மறைந்திருக்கும், விட்டுவிடாதீர்கள். ஆங் சோ, செப்பிலி, கெரப்பு, கொடுவா எல்லாவற்றுக்கும் அங்கே மூன்று முள். கத்தாளைக் குடும்பத்துக்கு (வடமராட்சி ஐயா கத்தலை என்றது இதைத்தான்) இரண்டே இரண்டு. அந்த ஒரு எண்ணிக்கையிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்து, உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு. பெரும்பாலான மீன்களில் அது வாலடியோடு நின்றுவிடும். கத்தாளைகளில் வால் துடுப்புக்குள்ளேயே நுழைந்து அதன் நுனி வரை போகும். கொடுவாவிலும் அப்படிப் போவதுண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, முள் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதுகுத் துடுப்பின் இரண்டாம் பகுதியில் இருக்கும் மெல்லிய கதிர்களையும் எண்ணுங்கள். ஆங் சோவுக்கு 13 அல்லது 14 வரும். உங்கள் மீனுக்கு இருபதைத் தாண்டினால் எழுதுங்கள். தாடையின் அடியில் மீசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிறத்தைக் கடைசியாக வையுங்கள். செத்த சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கிவிடும். ஐஸில் ஓர் இரவு கிடந்த மீனின் நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது. அடுத்த முறை தூக்கிய உடனே படம் எடுத்துவிடுங்கள்.

கரையோரம்_செல்வா | ஞாயிறு, மதியம் 12:45

தங்கச்சி, ரொம்ப நன்றி. குடும்பமே உட்கார்ந்து எண்ணினோம். பையன் பென்சில் வச்சுக் குறிச்சுக்கிட்டான்.

அடித் துடுப்புல முள் ரெண்டு. முதல் தடவை ஒண்ணுன்னுதான் நினைச்சேன். நீங்க சொன்ன மாதிரி தோலை நகத்தால தள்ளிப் பார்த்ததும் இன்னொண்ணு இருந்துச்சு. மூணாவது இல்ல. ரெண்டு தடவை சரிபார்த்தாச்சு. பக்கவாட்டுக் கோடு வாலுக்குள்ள போகுது, டார்ச் அடிச்சுப் பார்த்தா நுனி வரைக்கும் தெரியுது. முதுகுத் துடுப்பு பின்பகுதியில நான் எண்ணினது 24, பையன் எண்ணினது 25. மீசை இல்ல, தாடையடியில சின்னச் சின்ன ஓட்டை மட்டும் இருக்கு.

இன்னொண்ணு. நேத்து எழுதும்போது இது முக்கியம்னு தோணல. வலையில மேல வந்தப்போ மீன் வயித்துலயிருந்து "டொம் டொம்"னு ஒரு சத்தம் வந்துச்சு. தவிலை விரலால மெதுவாத் தட்டின மாதிரி. பையன்தான் முதல்ல கேட்டான்.

ஜெட்டி_நண்டு | ஞாயிறு, மதியம் 1:10

சத்தம் நல்ல குறிப்புதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கெருட் கெருட் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மீனும் சத்தம் போடும், பெயரே அதனால் வந்ததுதான். அது பல்லை நறநறவென்று தேய்ப்பது. சில கெளுத்தியும் முள்ளைத் தேய்த்து முனகும். இவர் சொல்வது வயிற்றிலிருந்து வரும் முழக்கம். அது கத்தாளைக்குப் பொருந்துகிறது.

வடமராட்சி ஐயா படத்தைப் பார்த்தே சொன்னார். என் கணிப்பு தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

குட்டித்தீவு | ஞாயிறு, மதியம் 2:00

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் போன வாரம் ஜெட்டியில ஒண்ணு கிடைச்சது. தொட்டதும் பலூன் மாதிரி உப்பிடுச்சு. வயிறு வெள்ளை, செதிலே இல்ல, முன்பல் முயல் மாதிரி. ஃப்ரீஸர்ல வச்சிருக்கேன். தோலை உரிச்சுட்டு நல்லா வேகவச்சா சாப்பிடலாம்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

பாம்பன்_காற்று | ஞாயிறு, மதியம் 2:04

வேண்டாம். அது பேத்தை. எங்க வலையில வந்தா கரையில கூடப் போடமாட்டோம், நாய் தின்னுடும்னு கடல்லயே வீசிடுவோம். இன்னைக்கே தூக்கிப் போடுங்க.

மாங்குயில் | ஞாயிறு, மதியம் 2:30

நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். குட்டித்தீவு, தயவுசெய்து அதைச் சாப்பிடாதீர்கள். நன்றாகக் கட்டி, பூனை நாய் கிளறாதபடி குப்பையில் போடுங்கள். பேத்தையில் இருப்பது டெட்ரோடோடாக்சின். வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. ஈரல், முட்டை, தோல் இவற்றில் அதிகம் இருக்கும். சில இனங்களில் சதையிலும் உண்டு. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கை கால், பிறகு மூச்சுவிடும் தசைகள். நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. விஷம் உடலை விட்டு இறங்கும்வரை கருவி வைத்து மூச்சுக் கொடுப்பதுதான் சிகிச்சை. உதடு மரத்தால் காத்திருக்காதீர்கள், அவசர மருத்துவ ஊர்திக்கு 995-ஐ அழையுங்கள்.

முள் குத்தினால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பலருக்கு இது தெரியவில்லை. செம்பிலாங், ஓரா, திருக்கை, கல்மீன் எது குத்தினாலும், குத்திய இடத்தை வெந்நீரில் வைக்க வேண்டும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது, அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். இல்லையென்றால் விஷத்தோடு கொப்புளமும் சேர்ந்துவிடும். ஐஸ் கட்டி வைக்காதீர்கள். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தாலோ, நெஞ்சிலும் வயிற்றிலும் குத்தியிருந்தாலோ, பிடுங்கப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். ஜெட்டிக்குப் போகும்போது ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவது நல்ல பழக்கம்.

ஓராவைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். சாப்பிட அருமையான மீன்தான். முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு. எல்லாவற்றிலும் விஷம்.

அலையாத்தி | ஞாயிறு, மதியம் 3:15

மாங்குயில் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1774 செப்டம்பரில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் நின்றபோது, தீவுக்காரர் ஒருவரிடமிருந்து முன்பின் பார்த்திராத ஒரு மீனை வாங்கினார்கள். இரவு உணவுக்குச் சமைப்பதாக இருந்தது. கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர்கள், தந்தையும் மகனுமான ஃபார்ஸ்டர்கள், மீனை வரைந்து விவரம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்கள். வரைந்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. அதனால் ஈரலும் முட்டையும் மட்டும் சமைக்கப்பட்டன. குக்கும் அவர்கள் இருவரும் அதில் கொஞ்சம் ருசி பார்த்தார்கள். அதிகாலை மூன்று நான்கு மணிக்குக் கை கால் மரத்துப்போய் விழித்தார்கள். பொருளின் எடையே கையில் தெரியவில்லை என்று குக் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மீனின் குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. அதுவும் பேத்தை இனம்தான்.

அவர்கள் வரைய உட்கார்ந்த அந்த நேரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

செல்வா அண்ணா, உங்கள் எண்ணிக்கை எல்லாம் பொருந்துகிறது. தலையை வெட்டும்போது ஒரு வேலை செய்யுங்கள். மூளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் கல் இருக்கிறதா பாருங்கள். பிறகு பெயர் சொல்கிறேன்.

கரையோரம்_செல்வா | ஞாயிறு, மாலை 5:50

இருக்கு! ரெண்டு கல், வெள்ளையா, பீங்கான் மாதிரி. என் சுண்டுவிரல் நகத்தை விடப் பெருசு. வாய்க்கால் மீன்ல இப்படி நான் பார்த்ததே இல்ல. பையன் கழுவித் தீப்பெட்டியில பத்திரமா வச்சிருக்கான்.

வடமராட்சி_கடல் | ஞாயிறு, மாலை 6:05

கத்தலைக்குத் தலையிலை கல் இருக்கும். சின்ன வயசிலை அதை வைச்சு விளையாடியிருக்கிறம். இனிப் பேரைச் சொல்லுங்கோ பிள்ளை, நானும் காத்துக்கொண்டிருக்கிறன்.

அலையாத்தி | ஞாயிறு, இரவு 8:30

ஐயா சொன்னது சரி, கத்தாளைக் குடும்பம். ஆனால் நம் கடலின் கத்தாளை இல்லை. அதனால்தான் ஐயாவும் பார்க்கவில்லை, ஜெட்டியில் இருந்த பெரியவரும் பார்க்கவில்லை.

இது ரெட் டிரம். அறிவியல் பெயர் சையினாப்ஸ் ஒசெல்லேட்டஸ். 1766-ல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர். ஒசெல்லேட்டஸ் என்றால் லத்தீனில் சிறு கண்கள் உடையது என்று பொருள், அந்த வாலடிப் பொட்டைத்தான் சொல்கிறார். துரத்தும் மீன் அதைக் கண் என்று எண்ணித் தலைக்குப் பதில் வாலைக் கடிக்கும், அதில் இது தப்பிக்கும் என்று கருதப்படுகிறது. டிரம் என்ற பெயர் உங்கள் பையன் கேட்ட சத்தத்தால் வந்தது. காற்றுப்பையின் பக்கத்தில் இருக்கும் தசையை அதிரவைத்து ஆண் மீன் எழுப்பும் ஒலி.

இதன் சொந்த ஊர் அட்லாண்டிக்கின் மேற்குக் கரையும் மெக்சிகோ வளைகுடாவும். அமெரிக்காவில் கரையிலிருந்தும் மரப் பாலங்களிலிருந்தும் தூண்டில் போடுகிறவர்களுக்கு மிகப் பிடித்த மீன். 1984-ல் வட கரோலினாவில் தூண்டிலில் பிடித்த ஒன்று 42 கிலோவைத் தாண்டியது, இன்றும் அதுதான் சாதனை. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் இதை மசாலா தடவிக் கருக வறுத்துச் சாப்பிடும் மோகம் பரவி, மெக்சிகோ வளைகுடாவில் மீன் வளம் சரிந்து, கூட்டரசு நீர்ப்பரப்பில் பிடிக்கவே தடை போட்டார்கள். காட்டு மீன் குறைந்தபோது பண்ணை மீன் பெருகியது. குஞ்சுகள் தைவானுக்கும் சீனாவுக்கும் போயின. மொரீசியஸிலும் வளர்க்கிறார்கள். சிங்கப்பூரிலும் மிதவைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். கூண்டு வலை கிழிந்தால் வெளியே வந்துவிடும்.

உங்கள் மீன் அப்படித் தப்பியதாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிடக்கூடிய மீன். பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் வைத்திருந்தீர்கள், பயப்பட வேண்டாம்.

பாம்பன்_காற்று | ஞாயிறு, இரவு 9:00

அமெரிக்கக் கத்தாளையா! எங்க பக்கம் இந்தக் குடும்பத்துல கூரல்னு ஒண்ணு இருக்கு. நெட்டிக்காக, அதாவது காற்றுப்பைக்காக, ஏலத்துல விலை எங்கேயோ போகும். செல்வா அண்ணே, வயித்தைச் சுத்தம் பண்ணும்போது நெட்டி எப்படி இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?

கரையோரம்_செல்வா | ஞாயிறு, இரவு 9:20

பார்த்தேன் தம்பி. முதுகெலும்பை ஒட்டித் தடிமனா, வெள்ளையா இருந்துச்சு. அப்போ அது என்னன்னு தெரியல, தூக்கிப் போட்டுட்டேன். குழம்பு வச்சாச்சு. சதை கெட்டியா, பெரிய பெரிய இதழா வருது. வயித்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் கொழுப்பு வாசம். வீட்டுக்காரம்மா புளி கூடப் போட்டுச் சரிபண்ணிட்டாங்க.

ஒரு சந்தேகம். இது வெளியூர் மீன்னு தெரிஞ்சிருந்தா நான் திரும்ப விட்டிருக்கணுமா, எடுத்திருக்கணுமா?

ஜெட்டி_நண்டு | ஞாயிறு, இரவு 10:15

எடுத்ததுதான் சரி தம்பி. குட்டி மீனையும் முட்டையோடு இருப்பதையும் விடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறவன் நான். இந்த மீனுக்கு அந்தக் கணக்கு இல்லை. இங்கே பிறக்க வேண்டிய மீன் இல்லை. நண்டு, இறால், சின்ன மீன் எல்லாவற்றையும் தின்று வளரும்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பண்ணை வலை கிழிந்து வருவது ஒரு பக்கம். புண்ணியம் என்று சந்தையில் உயிர்மீன் வாங்கி வந்து ஜெட்டியிலிருந்தே கொட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பௌத்தர்களின் வெசாக் நாளையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஒவ்வோர் ஆண்டும் வேண்டாம் என்று சொல்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் நன்னீர் மீனை உப்புத் தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை வயிறு மேலே வந்துவிடும். பிழைக்கிற மீன் என்றால் உள்ளூர் மீனின் இரையில் பங்குக்கு நிற்கும்.

பண்ணைகள் பாசிர் ரிஸ், பூலாவ் ஊபின் பக்கம் அதிகம். சாங்கியைச் சுற்றிக்கொண்டு உங்கள் மீன் பெடோக் வரை வந்திருக்கிறது.

தூத்துக்குடி_முத்து | திங்கள், காலை 6:50

நான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. அதுலயும் "சந்தேகமே வேண்டாம்"னு எழுதினதுதான் பெரிய தப்பு. பேத்தை கேட்ட தம்பிக்கு யாராவது அப்படி ஒரு பதில் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ராத்திரி நினைச்சுப் பார்த்தேன்.

இந்த மீனுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்? பொட்டுக் கத்தாளை?

வடமராட்சி_கடல் | திங்கள், காலை 8:00

மன்னிப்புக் கேக்கிற அளவுக்கு ஒண்டுமில்லை முத்து. உங்கடை ஊரிலை நீங்கள் கண்ட மீனுக்கு நீங்கள் வைச்ச பேர் அது.

பேர் விசயத்திலை எனக்கு ஒரு எண்ணம் கிடக்கு. எங்கடை ஆக்கள் மீனுக்குச் சும்மா பேர் வைக்கேல்லை. முள்ளு, நிறம், வாய், எந்தக் காத்துக்கு வரும் எண்டு பார்த்து, வலையிலை திரும்பத் திரும்பக் கண்டபிறகுதான் வைச்சவை. இந்த மீனை இன்னும் நாலு பேர் பிடிக்கட்டும். பிடிச்ச ஆக்கள் வாயிலை எது வருகுதோ அது நிக்கும். பொட்டுக் கத்தலை நல்லாத்தான் இருக்கு.

அலையாத்தி | திங்கள், காலை 9:30

செல்வா அண்ணா, ஒரு வேண்டுகோள். நாள், நேரம், இடம், நீளம், எடை, படங்கள் எல்லாவற்றையும் உயிரினங்களைக் கண்டவர்கள் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். இங்கே 2015-ல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், சிங்கப்பூரில் எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. தூண்டில்காரர்கள் எடுத்த படங்களுக்கும் அதில் இடம் உண்டு. மீன்களின் விவரம் தொகுத்த ஃபிஷ்பேஸ் தளத்தில் இதே மீனின் துடுப்புக் கணக்கைப் பாருங்கள், உங்கள் 24-ம் பையனின் 25-ம் இரண்டுமே அந்த வரம்புக்குள்தான் வரும்.

எல்லாருக்கும் ஒன்று. தலை தட்டையாக, சுறாவுக்கும் திருக்கைக்கும் நடுவில் இருப்பதுபோல ஒரு மீன் மாட்டினால், நம் ஊரில் உழுவை என்பார்களே, அதைத் தண்ணீரிலேயே வைத்து நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். உலகம் முழுக்க அருகி வருகிறது. 2019-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

கரையோரம்_செல்வா | திங்கள், இரவு 10:40

ஏத்திட்டேன் தங்கச்சி. பையன் தலைக்கல் படத்தையும் சேர்க்கச் சொன்னான், சேர்த்தாச்சு. வர்ற சனிக்கிழமை குறடு, அளவுகோல், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறோம். அந்த மலாய்ப் பெரியவரைப் பார்த்தா மீன் பேரைச் சொல்லணும்.

குட்டித்தீவு | செவ்வாய், இரவு 11:55

பேத்தையை அன்னைக்கே கட்டிக் குப்பையில போட்டுட்டேன். எல்லாருக்கும் நன்றி.

இன்னைக்கு சாங்கி போர்டுவாக் பக்கம் ஒண்ணு கிடைச்சது. தூக்கின உடனே படம் எடுத்தேன், தலை இடப்பக்கம். 48 சென்டிமீட்டர். அடித் துடுப்புல முள் 2. கோடு வால் நுனி வரைக்கும் போகுது. மீசை இல்ல. இடப்பக்கம் வாலடியில ஒரு பொட்டு, வலப்பக்கம் ரெண்டு. இன்னும் வெட்டல. யாராவது பார்த்துச் சொல்லுங்க.

அலையாத்தி | புதன், காலை 7:10

அதே மீன்தான். பொட்டு ஒன்றுக்கு மேலும் வரும், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டியதில்லை. பொட்டே இல்லாததும் உண்டு. வெட்டும்போது கல்லை எடுத்து வையுங்கள்.